எந்த வாசல் வழியாக?

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு தகவலைத் தவறாமல் சொல்வார்கள். சொன்ன கையோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கடற்கரை மணல் வாங்கப்பட்டபோது, பணம் ஓவியம் விற்று வரவில்லை. பாட்டிக் துணி விற்று வந்தது.

கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வர். வருஷா வருஷம் கல்லூரியிலிருந்து தேர்ந்த கைகள் வெளியே வந்துகொண்டிருந்தன. அந்தக் கைகளுக்கு வேலைதான் இல்லை. பம்பாயிலும் தில்லியிலும் ஓவியம் வாங்க இருந்த அளவுக்குக்கூட சென்னையில் ஆள் கிடையாது. எங்காவது டிசைன் போடுகிற உத்தியோகத்தில் உட்கார்ந்துவிட்டால் ஐந்தாறு வருஷத்தில் வரைவது விட்டுப்போகும். பணிக்கரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி எளிமையானது. கைவினைச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். நாளின் ஒரு பகுதியில் மெழுகை உருக்கித் துணியில் உருவம் எழுதி, சாயத்தில் முக்கி எடுத்து விற்பது; மிச்ச நேரத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் தனக்காக வரைவது. பாட்டிக் நன்றாகவே விற்றது. சேர்ந்த பணம் நிலமானது, நிலத்தில் வீடுகள் வந்தன, வீடுகளில் இந்தியாவின் முக்கியமான நவீன ஓவியர்கள் சிலர் வாழ்ந்தார்கள்.

இந்தக் கதையை நாம் சொல்கிற விதத்தில் ஒரு குடும்பக் கதை ஒளிந்திருக்கிறது. மூத்தவன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போவான், தம்பி எஞ்சினீயர் ஆவான். தம்பியின் பட்டமளிப்பு போட்டோ கூடத்தில் தொங்கும். அண்ணனைப் பற்றி, விருந்தாளி வரும்போது, "பெரியவன்தான் படிக்க வெச்சான்" என்று ஒரு வாக்கியம். நன்றி இருக்கிறது, பொய் இல்லை. போட்டோ மட்டும் இல்லை.

ஒரு கலைக்கூடம் வளர்ந்து பெரிதாகும்போது யார் உள்ளே வருகிறார்கள், எந்த வாசல் வழியாக வருகிறார்கள் என்பதை யோசிக்க சோழமண்டலத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இதைக் கட்டடக் கலையின் கேள்வியாகப் பேசுவதுதான் வழக்கம். எத்தனை சதுர அடி, வெளிச்சம் எப்படி, கழிப்பறை எங்கே. எனக்கு இது அறம் சார்ந்த கேள்வியாகத் தெரிகிறது.

முன்ன மாதிரி இல்ல

நான் முதலில் அங்கே போனது 2007இல், எஞ்சினீயரிங் மாணவனாக. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தவனுக்கு மாடர்ன் ஆர்ட் என்றால் பத்திரிகையில் கதைக்குப் பக்கத்தில் வரும் கோட்டுச் சித்திரம், அவ்வளவுதான். அன்றைக்கு இருந்த காட்சிக்கூடம் சிறியது. உள்ளே பார்த்ததைவிட வெளியே பார்த்ததுதான் அதிகம். மரத்தடியில் ஒரு கருங்கல் சிற்பம், பத்தடி தள்ளிக் கொடியில் காயும் வேட்டி, ஏதோ ஒரு வீட்டிலிருந்து தகட்டைத் தட்டுகிற சத்தம். எங்கள் ஊர் மரச்சிற்பப் பட்டறைகளும் அப்படித்தான் இருக்கும். திண்ணையில் பிள்ளையார் பாதி முகத்தோடு மல்லாந்து படுத்திருப்பார், உள்ளே சோறு வெந்துகொண்டிருக்கும். கலை என்பது ஆட்கள் குடியிருக்கிற தெருவில் நடக்கிற வேலை என்ற எண்ணம் எனக்கு ஈஞ்சம்பாக்கத்தில் உறுதிப்பட்டது. அந்த இடத்தின் மேல் பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

2009இல் அங்கே தற்காலக் கலை மையம் வந்தது. மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்று நிரந்தர அருங்காட்சியகம், மாறி மாறிக் கண்காட்சி நடத்த இண்டிகோ, லேபர்னம் என்று இரண்டு கூடங்கள், திறந்தவெளிச் சிற்பங்கள். அதற்குப் பிறகு போனபோது மனதில் முதலில் எழுந்த வாக்கியம், நம் எல்லோருக்கும் தெரிந்த அதே வாக்கியம்தான்: "முன்ன மாதிரி இல்ல."

திருவிழா, ஓட்டல் சாம்பார், குற்றாலம் என எல்லாவற்றுக்கும் இதைச் சொல்கிறோம். ஆகவே இந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது. கல்வராயன் மலையில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் கூட்டம் சேராத காலத்தில் போய்வந்தவர்கள், ரோடு போட்டதும் எல்லாம் கெட்டுப்போச்சு என்று கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அருவிக்கரையில் பிளாஸ்டிக் கிடக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே மலையில், பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கிய ஊர்கள் உண்டு. அந்த ஊர்க்காரர் யாரும் ரோடு வந்ததும் கெட்டுப்போச்சு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ரோடு எப்போது வரும், வந்த ரோடு ஏன் இரண்டு மழையில் பெயர்ந்தது என்பதுதான் அவர்கள் பேச்சு. பழைய அமைதியை ரசித்தவனுக்கு அந்த அமைதி இலவசமாகக் கிடைத்தது. அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய சோழமண்டலத்துக்கும் இது பொருந்தும். பலகை இல்லை, சீட்டு இல்லை, நேரம் போட்டிருக்கவில்லை என்பது எனக்குச் சுகமாக இருந்தது. அதே காரணத்தால், இது யாரோ குடியிருக்கிற இடம், உள்ளே போகலாமா என்று தயங்கி வாசலோடு திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். நேரமும் கட்டணமும் எழுதிய பலகை, தெரியாதவனுக்கு வைக்கிற அழைப்பிதழ். நீ யார், யாரைத் தெரியும் என்று கேட்காமல் உள்ளே விடுவதற்கு அதைவிட நாகரிகமான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. கடல் காற்றில் உப்பு இருக்கிறது. காகிதமும் செம்பும் அதைத் தாங்காது. ஓவியர்கள் வயதாகி ஒவ்வொருவராகப் போகும்போது வீடுகளில் இருக்கும் வேலைகள் சிதறும். பணிக்கர் 1977இல் மறைந்தார். கே. ராமானுஜம் அவருக்கும் முன்பே, 1973இல், அந்தக் கிராமத்திலேயே தன் உயிரை முடித்துக்கொண்டார். தொப்பி போட்ட மனிதன், சிறகு முளைத்த மிருகங்கள், கோபுரமும் மாளிகையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்ட நகரங்கள் என்று பேனா மையில் அவர் கட்டிய உலகத்தை அச்சில் பார்ப்பதும் அசலில் பார்ப்பதும் ஒன்றில்லை. கோடு நெருங்குகிற இடத்தில் கை வேகம் குறைந்தது தெரியும். நிரந்தரமாக ஒரு சுவர் இல்லாமல் அந்த அனுபவம் அடுத்த தலைமுறைக்கு இல்லை. பம்பாயையும் கல்கத்தாவையும் தில்லியையும் சுற்றியே இந்திய நவீனக் கலையின் வரலாறு எழுதப்பட்டு வந்திருக்கிறது. மெட்ராஸுக்கு ஓர் அத்தியாயம் வேண்டுமென்றால் ஒரு கட்டடம் தேவைப்பட்டது.

ஆகவே என் பழைய பிரியத்தை வைத்து அந்த விரிவாக்கத்தை அளக்க முடியாது. வேறு அளவுகோல் வேண்டும்.

பெரிதாவது எப்படி

மற்ற இடங்கள் எப்படிப் பெரிதாயின என்று பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கிறது.

தில்லியின் தேசிய நவீனக் கலைக்கூடம் 1954இல் ஜெய்ப்பூர் ஹவுஸில் தொடங்கியது. இந்தியா கேட்டைப் பார்த்தபடி இருக்கும் அந்த மாளிகை ஜெய்ப்பூர் மகாராஜாவுக்காக 1936இல் கட்டப்பட்டது. ராஜாவின் வரவேற்பறைகளில் ஓவியம் மாட்டினால் எவ்வளவு மாட்ட முடியும்? 2009இல், சோழமண்டலம் விரிந்த அதே ஆண்டில், புதிய பகுதி திறந்தது. இருந்த இடத்தைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு இடம் கூடியது. அங்கே ஜாமினி ராய்க்கு உரிய மரியாதை உண்டு. ஐரோப்பியப் பாணியில் வரையத் தெரிந்த அவர் அதை விட்டுவிட்டு, வங்காளத்துப் பட்டுவாக்களின் தடித்த கோட்டுக்கும் மீன் கண்ணுக்கும் திரும்பினார். அவருடைய படைப்புகள் இன்று தேசியக் கலைச் செல்வம். நாட்டை விட்டு வெளியே விற்க முடியாது. அந்தக் கோட்டைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த பட்டுவாக்களில் ஒருவர் பெயரையாவது நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், சுருக்கமாக மோமா, 1929இல் வாடகை அறைகளில் தொடங்கியது. அதன்பிறகு பலமுறை வளர்ந்தது. கடைசியாக 2019 அக்டோபரில் 45 கோடி டாலர் செலவில் விரிந்து மறுபடி திறந்தது. புதிய கூடங்களில் எல்லோரும் பேசிய ஓர் ஏற்பாடு உண்டு. பிக்காஸோ 1907இல் வரைந்த 'அவிஞோன் பெண்கள்' இருக்கும் அறையில், ஃபெய்த் ரிங்கோல்ட் என்ற கறுப்பினப் பெண் 1967இல் வரைந்த இனக்கலவர ஓவியத்தை மாட்டினார்கள். காலவரிசை உடைந்தது. பிக்காஸோவின் பெண்களுக்கு அந்த முகங்கள் எங்கிருந்து வந்தன என்ற பழைய கேள்வி மறுபடி உயிர்பெற்றது. பாரிஸில் இருந்த இனவியல் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து அதிர்ந்ததைப் பிக்காஸோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முகமூடி செய்தவர்களின் பெயர் அந்த அலமாரியில் இல்லை. பார்த்தவரின் பெயர் உலகத்துக்கே தெரியும்.

ரிங்கோல்டின் ஓவியத்தை அங்கே மாட்டியது நியாயமான செயல் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த விரிவாக்கம் நின்றிருக்கும் மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மோமாவுக்குப் பக்கத்து மனையில் அமெரிக்க நாட்டார் கலை அருங்காட்சியகம் இருந்தது. பள்ளியில் கலை படிக்காதவர்களின் வேலைப்பாடுகளுக்கான இடம். 2001இல் திறந்த அதன் கட்டடம் பலரால் பாராட்டப்பட்டது. கடன் நெருக்கியதால் 2011இல் மோமாவுக்கு விற்றார்கள். 2014இல் மோமா அதை இடித்தது. இடித்த இடத்தையும் சேர்த்துத்தான் புதிய கூடங்கள் எழுந்தன. உள்ளே ஒரு சுவரில் விலக்கப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்த அதே விரிவாக்கம், வெளியே பட்டம் பெறாத கைகளுக்கு இருந்த வீட்டைத் தரைமட்டமாக்கியது.

இதில் வில்லன் யாரும் இல்லை. ஒரு நிறுவனத்திடம் பணம் இருந்தது, இன்னொன்றிடம் கடன் இருந்தது. பெரிதாவது என்பது பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

மூன்று வாசல்

இங்கே ஊருக்குத் திரும்புகிறேன். நம் மாதிரி இடங்களிலிருந்து அருங்காட்சியகத்துக்குள் நுழைய இதுவரை மூன்று வாசல்கள் இருந்திருக்கின்றன.

முதல் வாசல் எழும்பூரில் இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது. அளவுகோலோடு மலைமலையாகப் போனவர். மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து எண்ணாகக் குறித்தவர். கல்வராயன், சேர்வராயன் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அந்தத் தொகுதிகளில் உண்டு. பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. அந்தக் கதையையும் அவர் பதிந்துவைத்திருப்பதால் இன்று ஆய்வாளருக்கு அது பயன்படுகிறது. ஆனாலும் மலைக்காரர் அந்த வாசலில் நுழைந்தது மாதிரிப் பொருளாக. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைவிட அவர்கள் எத்தனை அங்குலம் என்பது முக்கியமாக இருந்தது.

இரண்டாவது வாசல் புவிசார் குறியீடு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் அது கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கத்துப் பட்டறைகளில் வாகை, மா, வேம்பு, அத்தி என்று பல மரங்களில் சாமி சிலைகள், வாகனங்கள், கதவுகள், நாற்காலிகள் செதுக்குகிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து தங்கியவர்களின் கைத்தொழில் என்று சொல்வார்கள். எங்கள் ஊர் தனி மாவட்டமானதே 2019இல்தான். மாவட்டமாகி இரண்டு வருஷத்தில் நல்ல காரணத்துக்காக ஊர் பெயர் செய்தித்தாளில் வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். இந்தச் சட்டம் ஓர் ஊரின் பெயரை மற்றவர்கள் திருடாமல் காக்கிறது. அது பெரிய விஷயம். அதன் இயல்பிலேயே ஒரு வரம்பும் இருக்கிறது: அது ஊருக்குப் பெயர் தருகிறது, ஆளுக்குத் தருவதில்லை. டார்ஜிலிங் தேயிலையைப் போல, கள்ளக்குறிச்சி மரமும் ஒரு மண்ணின் விளைச்சலாகப் பார்க்கப்படுகிறது.

மூன்றாவது வாசல் சோழமண்டலத்தில் இருப்பது. அதில் நுழைகிறவருக்குச் சுவரில் ஒரு சிறு அட்டை கிடைக்கிறது: பெயர், ஆண்டு, எதில் செய்தது.

எழும்பூரின் சோழர் செப்புத் திருமேனிகளுக்குக்கூட செய்தவர் பெயர் இல்லையே, அதனால் அவை கலை இல்லாமல் போய்விட்டனவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஸ்தபதியின் பெயர் தெரியாமல் போனது வரலாற்றின் இழப்பு. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் பெயரைக் கேட்காமல் போவது நம்முடைய தேர்வு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

உப்புத்தாள் போடாத பக்கம்

எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். ரத்த உறவு இல்லை. சின்ன வயதில் அவருடைய உளிகளைத் தொட்டதற்காகக் கொட்டாப்புளியைக் காட்டி மிரட்டியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விற்பனைக் கண்காட்சிக்காகச் சென்னை வந்தவரை, ஒரு பிற்பகல் சோழமண்டலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் பார்க்கிற மாதிரி அவர் பார்க்கவில்லை. ஓவியங்களை மரியாதையாகக் கடந்து போனார். உலோகச் சிற்பங்களிடம் நின்றார். பி.வி. ஜானகிராம் போன்றவர்கள் தகட்டைத் தட்டி, வெட்டி, ஒட்டி உருவாக்கிய முறை, கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தின் வேலைமுறையிலிருந்து வளர்ந்தது. அது பெரியப்பாவுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. "இது அங்கி தட்டுற வேல தம்பி" என்றார். பிறகு, யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். சிற்பத்தின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பக்கவாட்டில் குனிந்து எட்டிப் பார்த்தார். கோயிலுக்குச் செய்கிற உருவத்தின் முதுகைப் பூசாரி தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் ஒருத்தன் வேலைக்காரனா என்பது உப்புத்தாள் போடாத பக்கத்தில்தான் தெரியும் என்பது அவருடைய கொள்கை.

அட்டையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "பேரு போட்டுருக்கு, ஊரு போடல பாரு. நமக்கு ஊரு மட்டும் போடுறாங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மரத்தின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்கிற அதே குரல்.

"நீங்க செய்றதுல பேரு போட்டா என்ன பெரியப்பா?"

"சாமிக்குக் கீழ எம் பேரா? தப்புடா. சோபாக்கு வேணா போடலாம், உக்கார்ற எடத்துக்கு அடியில." சிரித்தார். பிறகு கேட்டார்: "பேரு போட்டா வெல ஏறுமா?"

பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "பேரு போட்டா ஒண்ணு நடக்கும். விரிசல் உட்டுச்சின்னா நேரா எங்கிட்டதான் வருவான்."

நான் தினமும் வேலை பார்க்கும் உலகத்தில் இது அன்றாட நடைமுறை. நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று கிட் என்ற கருவி காட்டும். அதற்கான கட்டளையின் பெயரே 'பிளேம்', அதாவது பழி. எது உடைந்தது, யாரால் என்று தேடும்போதுதான் பெரும்பாலும் அதை ஓட்டுவோம். இத்தனை பழி சுமத்தினாலும், பெயர் இல்லாமல் வேலை செய்யச் சொன்னால் எங்களில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். அடுத்த வேலைக்குப் போகும்போது இதை நான் செய்தேன் என்று காட்ட வேறு வழி இல்லை. பெயர் என்பது பாராட்டும் பழியும் சேர்ந்தே வருகிற கணக்கு. மரச்சிற்பிக்குப் பழி மட்டும் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. வாங்கியவருக்குப் பட்டறை தெரியும். தூரத்து ஊரில் பூம்புகார் விற்பனை நிலையத்தில் அதே பொருளைப் பார்த்து வியக்கிறவருக்குத்தான் அவரைத் தெரியாது.

அவருடைய மகன் பெங்களூரில் வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். உளி பிடிக்கத் தெரிந்த பையன். "அதுல மாசம் பொறந்தா காசு. இதுல சாமி பொறந்தா காசு" என்பது பெரியப்பாவின் விளக்கம். பெயர் போட்டிருந்தால் அவன் இருந்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. பணிக்கரின் மாணவர்களுக்கும் 1960களில் இதே பிரச்சினைதான் இருந்தது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். கை தேர்ந்திருந்தது, சோறு இல்லை. அவர்களுக்குக் கைவினை சோறு போட்டது. கைவினைக்காரருக்குச் சோறு போட இன்னொரு கைவினை கிடையாது.

உள்ளே வந்தவர்

அப்படியென்றால் மூன்றாவது வாசலை எல்லோருக்கும் திறந்துவிட்டால் முடிந்ததா? போபாலில் அதைச் செய்து பார்த்தார்கள்.

1982இல் போபால் ஏரிக்கரையில் பாரத் பவன் திறந்தது. சார்லஸ் கொரியா கட்டியது. அதன் கலைப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஓவியர் ஜே. சுவாமிநாதன் நகரத்து ஓவியத்தையும் பழங்குடி ஓவியத்தையும் ஒரே நிறுவனத்தில் சமமாக வைத்தார். இரண்டும் ஒரே காலத்தில் உயிரோடு இருக்கும் மனிதர்கள் செய்வது, ஆகவே இரண்டும் தற்காலக் கலை என்பது அவர் வாதம். அவர் அனுப்பிய குழுவினர் பட்டன்கட் கிராமத்துச் சுவர் ஒன்றில் பார்த்த ஓவியத்தின் வழியாக ஜங்கட் சிங் ஷ்யாம் என்ற கோண்டு இளைஞர் போபாலுக்கு வந்தார். காகிதமும் வண்ணமும் கையில் கிடைத்தன. 1989இல் பாரிஸில் நடந்த புகழ்பெற்ற கண்காட்சியில் அவர் ஓவியம் இருந்தது. அவர் வழியில் ஒரு தலைமுறையே வரைய வந்தது. அந்தப் பாணிக்கு ஜங்கட் கலம் என்று அவர் பெயரே நின்றது. கோண்டுகளின் ஓவியம் என்பதிலிருந்து ஜங்கட்டின் ஓவியம் என்று ஆனது சாதாரண மாற்றம் இல்லை.

2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது ஜங்கட் தற்கொலை செய்துகொண்டார். நாற்பதை ஒட்டிய வயது. ஒரு மனிதன் ஏன் உயிரை விட்டான் என்பதை வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தச் சாவுக்குப் பிறகு இந்தியக் கலைஞர்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. அவரை எந்த ஏற்பாட்டில் அழைத்துப் போனார்கள்? எவ்வளவு சம்பளம்? நினைத்தபோது ஊர் திரும்ப முடிந்ததா? நகரத்து ஓவியர் ஒருவருக்கு இதே ஏற்பாட்டைச் சொல்லியிருப்பார்களா?

அட்டையில் பெயர் வந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒப்பந்தமும் விலையும் சுதந்திரமும் அதே வேகத்தில் வரவில்லை. பெரியப்பா கேட்ட "வெல ஏறுமா?" என்பதை நான் முதலில் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். ஜங்கட்டின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் அந்தப் பிற்பகலில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே ஆழமானது அதுதான். மரியாதை, விலை இரண்டில் ஒன்றை மட்டும் கொடுக்கிற கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

இன்னொரு விரிவு

சோழமண்டலத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. தங்கள் நிலத்தில், தங்கள் பணத்தில், அரசை எதிர்பார்க்காமல் ஒரு கிராமத்தை அரை நூற்றாண்டுக்கும் மேல் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்துக்கு ஒருமுறை போனவருக்குக்கூடத் தெரியும். நான் கேட்பது அவர்களை மட்டும் இல்லை. எழும்பூரை, தில்லியை, அதைவிட முக்கியமாகப் பார்வையாளர்களான நம்மை.

சோழமண்டலத்தின் ஆதி யோசனையில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. காலையில் துணியில் மெழுகு எழுதிய கையும் மாலையில் கான்வாஸில் கோடு போட்ட கையும் ஒன்று. காலைக் கை கைவினைஞர், மாலைக் கை கலைஞர் என்று மணிக்கட்டில் கோடு போட முடியாது. சென்னைக் கலைக் கல்லூரி 1850களில் தொழிற்பள்ளியாக உருப்பெற்றது. மரவேலை, உலோகவேலை, மட்பாண்டம் எல்லாம் அதன் அடித்தளத்திலேயே இருந்தன. மெட்ராஸ் இயக்கத்தின் தனித்தன்மையாகச் சொல்லப்படும் கோட்டுக்கும் அலங்காரத்துக்கும் அந்தப் பட்டறைகளோடு உறவு உண்டு. இந்தியாவிலேயே கலைக்கும் கைவினைக்கும் நடுவிலுள்ள சுவரை இடிக்க அதிக உரிமை உள்ள அருங்காட்சியகம் எது என்று கேட்டால் நான் ஈஞ்சம்பாக்கத்தைத்தான் சொல்வேன். நிலப் பத்திரத்திலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது.

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. அன்றைய பாட்டிக் துணிகளில் மிஞ்சியவற்றை, அந்த ஓவியர்களின் கான்வாஸ்களுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே வெளிச்சத்தில் மாட்டலாம். இன்னார் செய்தது, இந்த ஆண்டு, இத்தனை ரூபாய்க்கு விற்றது என்று எழுதலாம். உதவிய கதையாக மட்டும் இருந்த துணி, வேலைப்பாடாக நம் எதிரே நிற்கும். அது அழகாக இல்லாமல் போனாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டுச் சொல்வோம். பார்க்காமலே தீர்மானித்துவிட்டதுதான் இத்தனை நாள் வழக்கம்.

அதே மாதிரி, கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் ஒரு மரச்சிற்பத்திடமும் அருங்காட்சியகம் கேட்கும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: யார் செய்தது, எப்போது, எதில்? பெயர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்கலாம். சாமிக்குக் கீழே பெயர் போடாதது ஒரு பண்பாட்டின் பணிவு. அதற்கு நம் அட்டையைவிட வயது அதிகம். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒருமுறை அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டு அதைப் பணிவு என்று நாம் அழைப்பது வசதிக்காக.

நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு, அதை அருங்காட்சியகங்கள் சுவரில் எழுதுவதில்லை: செய்தவர் கைக்கு எவ்வளவு போனது? ஒரு கலைக்கூடம் எத்தனை சதுர அடி வளர்ந்தது என்பதைவிட, இந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கும் அளவுக்கு வளர்ந்ததா என்று பார்ப்பது எனக்குச் சரியான அளவுகோலாகப் படுகிறது. மெழுகும் சாயமும் விற்று நிலம் வாங்கியவர்களுக்கு அது அந்நியமான கேள்வியாக இருந்திருக்காது. பெயர் போட்டால் விலை ஏறுமா என்று பணிக்கரிடம் ஒரு மாணவர் கேட்டிருந்தால், அவர் சிரித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்.